பாத்துக்க

ராக்கப்பன் சொன்னதைத் தவமணி பல வருஷமாகவே முழுசாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. சொல்லிவிட்டு எந்த முகத்தோடு சங்கத்தில் அந்தத் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்வது. இப்போது ராக்கப்பனின் சலூனில், வேறொரு நாற்காலியில், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கழுத்தில் துணியும் தாடையில் நுரையுமாகக் கிடந்தார். சாயங்காலம் சங்கத்தில் பொதுக்கூட்டம். அதில் அவருக்கு ஒரே வேலைதான். எழுந்து நின்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அந்தப் பெயருக்குரியவன்தான் அடுத்த தலைவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களின் இந்தச் சங்கத்தில் அதுதான் வழக்கம். ஓட்டு கிடையாது, கை தூக்குவது கிடையாது. போகிறவர் பெயர் சொல்வார், இருக்கிறவர்கள் கை தட்டுவார்கள். வழக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்களே தவிர, யோசித்துப் பார்த்தால் அது ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. சங்கத்தை ஆரம்பித்த சின்னக்காளை அண்ணன் சாகிற நேரத்தில் தவமணியின் பெயரைச் சொன்னார். அவர் சொன்னார் என்பதாலேயே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நாளாவட்டத்தில் வழக்கமாகிவிட்டது. அண்ணன் சொன்னதைக் காதால் கேட்டது ஒரே ஆள். அந்த ஆள் இப்போது தவமணியின் காதோரத்தில் கத்தியை வைத்திருந்தார்.

"மீசையக் கொஞ்சம் ஒதுக்கிருவமா தலைவரே? மேடையில நிக்கப்போறீக," என்றார் ராக்கப்பன். "மேடை எங்கண்ணே இருக்கு? தக்காளிப் பெட்டியக் கவுத்துப் போட்டு மேல பலகை. மீசை இருக்கிறபடி இருக்கட்டும்." "அதுவும் மேடைதான. மாலை போடுவாக, போட்டோ எடுப்பாக, நாளைக்கு எல்லார் போன்லயும் உங்க மூஞ்சிதான். அசிங்கமா இருந்தா என்னையத்தான வைவாக." தவமணியின் வாயோரம் நுரை ஏறியது. ராக்கப்பனுக்குப் பதில் தேவையும் இல்லை. கை ஓடினால் வாயும் ஓட வேண்டும் அவருக்கு. வாய் நின்றால்தான் பயம், கையும் நின்றுவிடும். இந்த வாயை நம்பித்தான் தன் பாதி ஆயுசு ஓடியிருக்கிறது என்று தவமணிக்குத் தோன்றியது. தோன்றியதும் கழுத்து வலித்தது. மூட்டை சுமந்த கழுத்து. முன்னால் குனியும், பக்கத்தில் திரும்பாது, பின்னால் சாய்த்தால் உள்ளே எங்கேயோ மணல் அரைபடுகிற மாதிரி இருக்கும். சின்னக்காளை அண்ணனுக்கும் இதே கழுத்துதான். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அவரைத் தலையணையில் சாய்க்கவே ரெண்டு பேர் வேண்டியிருந்தது. நெஞ்சு முழுக்கச் சளி. பேச்சு பாதி காற்றாக வரும், பாதி இருமலாக வரும். சாகப்போகிறோம் என்பதைவிடத் தாடி மண்டிவிட்டது என்பதுதான் அவருக்கு எரிச்சல். "ராக்கனைக் கூட்டியாங்கடா" என்று ஒரே பிடிவாதம். ராக்கப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அண்ணி டீ வாங்கக் கீழே இறங்கியிருந்தார். கட்டிலில் அண்ணன், பக்கத்தில் ராக்கப்பன், வேறு யாரும் இல்லை. சவரம் முடிந்தது. மறுநாள் விடியும்போது அண்ணன் போய்விட்டார், மழுமழுவென்ற முகத்தோடு.

அந்தச் சவரத்தின்போதுதான் சொன்னாராம். என்ன சொன்னார் என்பதில்தான் எல்லாம் சிக்கிக் கிடக்கிறது. பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் ராக்கப்பன் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது, "தவமணி பாத்துக்குவான்னாரு அண்ணன், என் காதால கேட்டேன்" என்று. பந்தியே கை தட்டியது, சாம்பார்க் கையோடு. அன்றைக்குத் தவமணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் பிறகொரு தடவை, ஆயுத பூஜையன்று மார்க்கெட்டில் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ கேட்டதற்கு இதே ராக்கப்பன், "அதான் தவமணியப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரே மனுசன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டார். பொரி வாங்கியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. தவமணிக்கு மட்டும் வாயில் போட்ட பொரி இறங்கவில்லை. தவமணி பாத்துக்குவான் என்றால் அவன் சுமப்பான், இறக்கிவைக்க மாட்டான், பயப்படாதீர்கள் என்று அர்த்தம். தவமணியப் பாத்துக்கங்க என்றால்? அவன் தனியாகச் சுமக்க மாட்டான், ஆளுக்கொரு கை கொடுங்கள் என்று அர்த்தமாகலாம். அதைவிட மோசமாக, அவன்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றும் ஆகலாம். எட்டாப்பில் தமிழ் ஐயா வேற்றுமை நடத்தும்போது கரும்பலகையில் 'புலி கொன்ற யானை' என்று எழுதி, செத்தது யாருடா என்று கேட்டார். யானைதான் ஐயா என்றான் ஒருத்தன். புலிதான் என்றான் இன்னொருத்தன். ரெண்டும் சரிதான், அந்த 'ஐ' மறைஞ்சு நிக்குது, யார் செத்தான்னு சொன்னவனைத்தான் போய்க் கேக்கணும் என்று ஐயா சிரித்தார். சொன்னவன் செத்துப்போய்விட்டால் யாரைக் கேட்பது என்று அன்றைக்கு வகுப்பில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயைத் திறந்து மூடுவதற்குள் போய்விடுகிற ஒரு சத்தம். அதுவும் சளி கட்டின தொண்டையிலிருந்து வந்த சத்தம்.

அண்ணனுக்குத் தன்மேல் சந்தேகம் இருந்திருக்குமா என்று நினைத்தால், இருந்திருக்கலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிகிறது. கூலியை ஏற்றாமல் முருங்கைக்காய்க் கட்டு எடையை மட்டும் ஏற்றிக் கட்டுகிறார்கள் என்று கமிஷன் கடைக்காரர்களோடு ஒரு தகராறு வந்தது. தவமணி முதல் நாளே கேட்ட கூலியில் பாதிக்கு ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் திட்டவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரை ஆற்றிக்கொண்டே, "ஒனக்குச் சண்டை பிடிக்கலடா தவமணி, சமாதானம் பிடிக்கும். தப்பில்ல. ஆனா எதிராளிக்கு அது தெரியக் கூடாது" என்றார். இது தலைவராகப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா, தலைவராக்கக் கூடாதவனைப் பற்றிய பேச்சா? இந்த இடத்துக்கு வந்ததும் தவமணியின் யோசனை எப்போதும் செக்குமாடு மாதிரி திரும்பிவிடும். திரும்பிப் பந்திக்குப் போகும், கைதட்டலுக்குப் போகும், அதற்கும் முன்னால், அண்ணன் செத்த அன்றைக்குக் காலையில் ராக்கப்பன் முதல் முதலாகச் சொன்னதற்குப் போகும். அது மார்க்கெட் கேட்டில். லாரிகள் ஓரங்கட்டி நின்றன, யாரும் லோடு இறக்கவில்லை. ராக்கப்பன் தரையிலேயே உட்கார்ந்து, மூக்கைத் துண்டில் சிந்திக்கொண்டு, "தவமணி..." என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். பெண்கள் ஒப்பாரி எடுத்த நேரம், அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. அதில் ஒரு 'அப்புறம்' இருந்தது என்பது மட்டும் ஞாபகம். என்னவோ கேட்டார், அப்புறம் என்னவோ சொன்னார் என்று. பந்தியில் சொன்னபோது அந்த அப்புறம் இல்லை. அது எங்கே போனது?

"தலையக் கொஞ்சம் திருப்புங்க. ம், திரும்பாதுல்ல, மறந்துட்டேன். நானே சுத்தி வாரேன்" என்று ராக்கப்பன் இடது பக்கம் வந்தார். வெளியே யாரோ டெம்போவைப் பின்னால் எடுத்தார்கள். வா வா வா என்று ஒரு குரல், வண்டிக் கதவைத் தட்டுகிற சத்தம். அது பரமனின் குரலாக இருக்கும் என்று தவமணி நினைத்தார். அவன் பைக்கோடு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். வந்த இடத்தில் எவனோ டெம்போவைத் திணறிக்கொண்டு எடுத்திருப்பான், இவன் இறங்கி வழி சொல்லியிருப்பான். அவன் அப்படித்தான். எதைக் கண்டாலும் கை வைக்காமல் இருக்க மாட்டான். சாயங்காலம் சொல்லப்போகிற பெயர் அவனுடையதுதான். இதில் தவமணிக்கு ஊசலாட்டம் இருந்ததில்லை, இருந்ததில்லை என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தார். கடைக்காரர்களிடம் பேச்சுக்குப் போகும்போதெல்லாம் அவனைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். எப்போது பேச வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதைத்தான் தொடையில் விரலால் தட்டித் தட்டிப் பழக்கினார். கழுத்துக்குப் பட்டி போட்டுப் படுத்திருந்த நாட்களில் லோடுக்கு முறை போடுகிற வேலையை அவனிடம் விட்டார். முறைதான் சங்கம். யாருக்கு எந்த லாரி, கனத்த லோடு யாருக்கு, லேசானது யாருக்கு, வயசானவர்களை எந்த வரிசையில் எப்படி நுழைப்பது என்பதை ஒருத்தன் நியாயமாகப் போடுகிறவரைக்கும்தான் அது சங்கம். இல்லையென்றால் ஆளுக்கொரு கும்பல். பரமன் நன்றாகவே போட்டான். ஒரு முணுமுணுப்பு வரவில்லை. வீரணன் மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து விட்டு, அவன் முறையை மற்றவர்கள் மாற்றிச் செய்ய ஏற்பாடும் பண்ணிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்து சொன்னான். "முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேடா." "நீங்க எதுக்குண்ணே அலையணும். நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். அவன் அடிக்கடி சொல்கிற வார்த்தை அது, கேட்கிறவனுக்கு நெஞ்சு லேசாகிவிடும். ஆனால் அன்றைக்குத் தவமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறவனை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்தார். தனக்கு அந்தத் தொல்லை இல்லை. தான் எல்லோரிடமும் கேட்பவர். கேட்டுக் கேட்டு ஒப்பேற்றியவர். ஒருவேளை தவமணியப் பாத்துக்கங்க என்று சொல்லப்பட்டதால்தான் எல்லோரும் கை கொடுத்தார்களோ, அதனால்தான் இத்தனை வருஷம் ஓடியதோ. பரமனை என்ன சொல்லித் தலைவராக நிறுத்துவது? பரமன் பாத்துக்குவான் என்றா, பரமனப் பாத்துக்கங்க என்றா? ரெண்டையும் சொல்லலாம். ரெண்டையும் சொன்னால் கேட்பவன் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வான். செல்லையாவின் ஆட்கள் ரெண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். செல்லையா காத்திருக்கிறான். மார்க்கெட்டில் பாதிப் பேர் அவன் மாமன் மச்சான். ஓட்டு என்று ஒன்று வந்தால் அவன்தான் தலைவன், அதில் பேச்சே இல்லை. வந்த வாரத்திலேயே லேசான தக்காளி லோடெல்லாம் அவன் தெரு ஆட்களுக்குப் போகும், கிழங்கு மூட்டையும் வெங்காய மூட்டையும் மற்றவர்கள் கழுத்தில் ஏறும். அவனைத் தடுப்பது அந்த வழக்கம் ஒன்றுதான். போகிறவர் பெயர் சொல்வார், அண்ணன் போட்ட வழி. அதை மீறினால் செத்தவரை மீறுவது. செல்லையாவுக்கே அதில் பயம் உண்டு. ஆக, ராக்கப்பன் அன்றைக்குக் கேட்டது உண்மையாக இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்று தோண்டாமல் இருந்தாலே போதும். இத்தனை வருஷம் தோண்டாமல் இருந்தாயிற்று, இன்னும் ஒரு சாயங்காலம்.

கத்தி தாடையைவிட்டுக் கழுத்துக்கு இறங்கியது. தவமணிக்குக் குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு மரு உண்டு. மீசை முளைத்த காலத்திலிருந்து ராக்கப்பனுக்குத் தெரிந்த மருதான். ஆனாலும் கத்தியின் குளிர்ச்சி அதை நெருங்கும்போதெல்லாம் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கும். இன்றைக்கும் மடங்கின. உதட்டை அசைக்காமல், தொண்டையை அசைக்காமல், மூக்கால் வந்த மாதிரி ஒரு குரலில், "பாத்துக்கண்ணே" என்றார். ராக்கப்பன் சிரித்தார். கத்தியை எடுக்காமலே சிரித்தார். "என்னிக்கு வெட்டிருக்கேன் தலைவரே? எல்லாம் இப்படித்தான். லாரிக்கு அடியில படுத்து டயர் மாத்துறவன்கூட, கத்தி இந்த எடத்துக்கு வந்துட்டா பாத்துக்க பாத்துக்கம்பான். பெரிய சூரனா இருந்தாலும் சரி." மருவைச் சுற்றிக் கத்தி போய்விட்டது. நுரையை விரலில் வழித்துக் கையில் தடவிக்கொண்டார். தவமணி கண்ணைத் திறந்து பார்த்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு இறக்கையில் மட்டும் பழைய பெயிண்ட் உரிந்திருந்தது. அந்த அப்புறம் திரும்பி வந்துவிட்டது. மார்க்கெட் கேட், ஒப்பாரி, மூக்கைச் சிந்துகிற ராக்கப்பன். "தவமணி வந்தானான்னு கேட்டாருப்பா. லோடு நிக்குதுண்ணே, முடிச்சுட்டு வருவாப்லன்னேன். சரின்னாரு. அப்புறம்..." அப்புறம் எத்தனை நேரம் கழித்து? ஒரு கன்னம் முடிகிற நேரமா? ஒரு கன்னம் முடிந்து, நுரையைத் துடைத்து, தலையைச் சாய்த்து, சாயாத அந்தக் கழுத்தைச் சாய்த்து... எப்போது இருமல் வருமோ என்று தெரியாத தொண்டை அது. யோசனை அதற்கு மேல் போகாமல் நின்றது. இத்தனை வருஷம் ஒரு 'ஐ' இருந்ததா இல்லையா என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு, பெயரே அந்த வாக்கியத்தில் இருந்ததா என்று தேடத் தோன்றியதில்லை.

"முடிஞ்சிருச்சாண்ணே?" என்று பரமன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை. அவனை வெள்ளைச் சட்டையில் பார்த்தது அவன் தங்கச்சி கல்யாணத்தில்தான். "வாப்பா புது மாப்ள," என்றார் ராக்கப்பன். "ஒக்காரு. படிகாரம் போட்டா முடிஞ்சது." "கூட்டம் சேர்ந்துருச்சுண்ணே. செல்லையா ஆளுக முன்னாடியே வந்து முன் வரிசையப் புடிச்சிட்டாங்க. புடிக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருக்கவில்லை. சட்டைக் கையை மடித்தான், இறக்கினான். அவனுக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்பதைத் தவமணி கண்ணாடியில் பார்த்தார். அதைப் பார்த்தது நன்றாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. "ராக்கண்ணே, ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு என்னையப் பேசச் சொல்லுவாங்க. சின்னக்காளைப் பெரியவர் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னு இருக்கேன். அது ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி சொல்றான். நீங்கதான நேர்ல இருந்தீங்க. சரியா ஒருக்கா சொல்லுங்க. வார்த்தை பிசகக் கூடாதுல்ல." ராக்கப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தார், படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தவமணியின் கழுத்தில் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வந்தது, பஸ் வந்தது, டீ வாங்கப் போன அண்ணி வந்தார். எல்லாம் பந்தியில் சொன்னபடிதான். படிகாரம் எரிந்தது. இவன் இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் மேடையில் சொல்வான். சொல்லிவிட்டு இதன்மேல் உட்கார்வான். என்றைக்காவது ஒரு பொரி அவன் தொண்டையிலும் நிற்கும். அன்றைக்கு அவன் யாரிடமும் கேட்க மாட்டான். அவன் கேட்கிற ஆளே இல்லை. தானே பாத்துக்குவான். கேட்க நினைத்தாலும் அதற்குள் ராக்கப்பனும் போயிருப்பார். பரமனைத் தலைவராக நிறுத்துவதற்குத் தன்னிடம் காரணம் இருக்கிறது, வீரணனின் இடுப்பு இருக்கிறது, முணுமுணுப்பு வராத முறை இருக்கிறது. அதைத் தன் வாயால் சொல்லலாம், சொல்லிவிட்டுக் கை தூக்கச் சொல்லலாம். சொன்னால் தோற்கவும் தோற்கலாம், முன் வரிசை முழுக்கச் செல்லையாவின் ஆட்கள். ராக்கப்பனிடம் எதையும் கேட்காமலே எழுந்து போய்விட்டால் பரமன் ஜெயித்துவிடுவான்.

"...அப்ப அண்ணன் கண்ணு கலங்கிருச்சு பரமா," என்றார் ராக்கப்பன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. "தவமணின்னாரு. பாத்துக்கன்னாரு. சொல்லும்போது என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு பாரு, சாகப்போற மனுசனுக்கு அவ்வளவு பலம், அத நான் யார்ட்டயும் சொன்னதில்ல, இந்தா, இங்ஙன புடிச்சாரு" என்று தன் வலது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். பரமன் தலையாட்டினான். அவன் உதடு, தவமணி, பாத்துக்க, கை, என்று சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தது. தவமணி கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தார். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி, திரும்பாத கழுத்தோடு உடம்பையே திருப்பி, ராக்கப்பனை நேராகப் பார்த்தார். பரமன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தேதான் கேட்டார்.

"அண்ணே, அவரு புடிச்ச அந்தக் கையில அப்பக் கத்தி இருந்துச்சா?"